வைஃபைக்கு யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

அனைவருக்கும் வணக்கம்.

காப்புரிமை வழக்கு என்றாலே அது வக்கீல்கள் சமாச்சாரம் என்று பொறியியல் படிக்கிறவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். வைஃபை வழக்குகளில் அப்படி ஒதுங்க முடியாது. ‘இந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு கருவிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?’ என்றுதான் அங்கே நீதிபதிகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கண்டுபிடிப்பு என்ன செய்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் கிடையாது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

1990களின் தொடக்கம். சிட்னியில் சிஎஸ்ஐஆர்ஓ, அதாவது ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனம். ஜான் ஓசல்லிவன், டெரி பெர்சிவல், டீட் ஆஸ்ட்ரி, கிரஹாம் டேனியல்ஸ், ஜான் டீன் என்று ஐந்து பேர். ரேடியோ வானியலில் ஊறிய இடம் அது. ஓசல்லிவன் 70களில் நெதர்லாந்தில் இருந்தபோது, சிறு கருந்துளைகள் வெடித்தால் வரக்கூடிய ரேடியோத் துடிப்பைத் தேடியவர். துடிப்பு கிடைக்கவில்லை. கலங்கிப்போன சிக்னலைக் கணக்குப் போட்டுத் தெளியவைக்கும் வித்தை கைக்கு வந்தது.

அது எதற்கு உதவியது? கல்யாண மண்டபத்தில் ஒருவர் மைக்கில் வேகமாகப் பேசினால் நமக்கு ஒன்றும் புரியாது. சுவரில் பட்டுத் திரும்பும் பழைய சொல் புதிய சொல்லின் மேல் விழுகிறது. அறைக்குள் ரேடியோ அலைக்கும் இதே கதிதான். கணக்காகப் பாருங்கள். விநாடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்பினால், ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 20 நானோ விநாடிக்கும் குறைவு. 15 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் எதிரொலி 50 நானோ விநாடி தாமதமாக வரும். அதற்குள் இரண்டு பிட் போய்விட்டிருக்கும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும்.

சரி, என்ன செய்தார்கள்? தகவலைப் பல துணை அலைகளில் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெதுவாக அனுப்பினார்கள். பிற்பாடு வந்த 802.11ஏ என்ற வைஃபை தரநிலையில், அதாவது எல்லா நிறுவனங்களின் கருவிகளும் பின்பற்றும் பொது வரையறையில், தகவல் சுமக்கும் துணை அலைகள் 48. ஒரு தடவையில் அனுப்பும் ஒவ்வொரு குறியீடும் 4 மைக்ரோ விநாடி நீடிக்கும். நாலாயிரம் நானோ விநாடிக்கு முன்னால் 50 நானோ விநாடி எதிரொலி ஒரு பொருட்டே இல்லை. அதோடு பிழைதிருத்தும் குறிமுறையும், பிட்டுகளைக் கலைத்து அடுக்கும் முறையும். ஒரு துணை அலை அடிபட்டுப்போனாலும் மற்றவற்றைக் கொண்டு தகவலை மீட்டுவிடலாம். பல துணை அலைகள் என்ற யோசனை புதிதல்ல, பெல் ஆய்வகத்தில் 1960களிலேயே இருந்தது. அறைக்குள் வேகமாக ஓடும்படி இவற்றைச் சேர்த்துக் கட்டியதற்குத்தான் 1996 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ‘வைஃபையையே ஆஸ்திரேலியா கண்டுபிடித்தது’ என்பது மிகை. ‘அதில் ஒன்றுமே இல்லை’ என்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

அப்புறம் வழக்கு. 2005இல் பஃபலோ என்ற ரௌட்டர் நிறுவனத்தின் மேல் டெக்சாஸில் சிஎஸ்ஐஆர்ஓ வழக்குப் போட்டது. இன்டெல், டெல், மைக்ரோசாஃப்ட், ஹெச்பி, நெட்கியர் எல்லாம் முந்திக்கொண்டு கலிஃபோர்னியாவில் சிஎஸ்ஐஆர்ஓவுக்கு எதிராக வழக்குத் தொடுத்தன. 2009இல் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராகச் சமரசத்துக்கு வந்தார்கள். மொத்தம் 14 நிறுவனங்கள், சுமார் 20 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2012இல் இன்னொரு கூட்டம், இன்னொரு 22 கோடி. முதல் தொகையிலிருந்து 15 கோடியை ஆராய்ச்சிக்கான அறக்கட்டளை நிதியில் போட்டார்கள். மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி அடுத்த ஆராய்ச்சிக்குச் சோறு போட்டது. இதைக் கொள்ளை என்று சொன்னவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கொள்ளைக்குப் பக்கத்தில் வருவது வேறு. இன்னோவேஷியோ என்று ஒரு நிறுவனம். எதையும் தயாரிக்கவில்லை, விற்கவில்லை. பிறரிடமிருந்து வாங்கிய காப்புரிமைகளை வைத்துக்கொண்டு, கடையில் வைஃபை வைத்திருந்த காபிக் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் ஆயிரக்கணக்கில் கடிதம் அனுப்பியது. பிறகு நீதிமன்றத்தில் டேப்லட் ஒன்றுக்கு 16 டாலருக்கு மேல் கேட்டது. 2013இல் சிகாகோ நீதிபதி ஹோல்டர்மன் ஒரு சிப்புக்கு 9.56 சென்ட் என்று முடித்துவைத்தார். அதே ஆண்டு சியாட்டிலில் மோட்டோரோலா வழக்கு. மைக்ரோசாஃப்ட்டின் விளையாட்டுக் கருவியான எக்ஸ்பாக்ஸின் விலையில் 2.25 சதவீதத்தை மோட்டோரோலா கேட்டிருந்தது. 200 டாலர் கருவி என்றால் நாலரை டாலர். நீதிபதி ரோபார்ட் வைஃபை காப்புரிமைகளுக்கு ஒரு எக்ஸ்பாக்ஸுக்கு நிர்ணயித்தது 3.471 சென்ட்.

இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி வருகிறது? ஒரு தொழில்நுட்பம் தரநிலைக்குள் போய்விட்டால் யாரும் அதைத் தவிர்க்க முடியாது. அந்தக் கட்டாயமே விலையை ஏற்றிவிடுகிறது. அதற்காகத்தான் இந்தத் தரநிலைகளை வகுக்கும் ஐஈஈஈ அமைப்பு, காப்புரிமை வைத்திருப்பவர்களிடம் நியாயமான, பாரபட்சமில்லாத கட்டணத்துக்கு உரிமம் தருவோம் என்று முன்கூட்டியே உறுதி கேட்கிறது. சிஎஸ்ஐஆர்ஓ 802.11ஏ-க்கு அந்த உறுதியைக் கொடுத்தது. பின்னால் வந்த தரநிலைகளுக்குக் கேட்டபோது மறுத்துவிட்டது. அவர்கள் மேல் எனக்குள்ள மனக்குறை இதுதான். பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனம் அந்த உறுதியை எல்லாத் தரநிலைக்கும் கொடுத்திருக்க வேண்டும்.

கடைசியில் இந்தப் புள்ளியில்தான் அவர்கள், வலைப்பின்னல் கருவிகள் செய்யும் சிஸ்கோ மேல் போட்ட வழக்கில் சறுக்கினார்கள். 2014இல் டெக்சாஸ் நீதிபதி டேவிஸ் சிஎஸ்ஐஆர்ஓவுக்கு 1.6 கோடி டாலருக்கு மேல் தரச் சொன்னார். 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்து, திரும்பக் கணக்குப் போடச் சொன்னது. உறுதி கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும், தரநிலை ஆனதால் கூடிய மதிப்பைக் கழித்துவிட்டு, கண்டுபிடிப்பின் மதிப்பை மட்டும் எடு என்பது உத்தரவு. என் அனுதாபம் சிட்னியின் அந்த ஐந்து பேர் பக்கம்தான். இருந்தாலும் இந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். அந்தக் கழித்தலை எப்படிப் போடுவது என்பதை நீதிபதிக்கு எடுத்துச் சொல்லப் பொறியாளர்கள் வேண்டும். சமிக்ஞைச் செயலாக்கம் படிக்கும் உங்களிடமிருந்து அதற்குக் கேள்விகள் வரட்டும், நேரம் இருக்கிறது.