பழைய ஆர்எக்ஸ்-7 வாங்கப் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். ரோட்டரி எஞ்சினும் டர்போவும் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் குறைந்த பணத்தில் வாங்க முடியுமா என்று கனடாவில் உள்ள நம் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். முடியும். ஆனால் கையில் இருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடக் கூடாது. எஞ்சினைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவதற்கு ஆகும் தொகையை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தில் கிடைக்கிற காரை மட்டும் பாருங்கள். எஞ்சின் நன்றாக இருந்தால் அந்தப் பணம் உங்களிடமே இருக்கும்.

இந்த வகையில் நாம் பேச வேண்டிய கார் மாஸ்டா ஆர்எக்ஸ்-7. 1978 முதல் 2002 வரை ஜப்பானில் தயாரானது. 1991இல் வந்த மூன்றாம் தலைமுறை எஃப்டி, இரண்டு டர்போ கொண்டது, பேரழகு. வட அமெரிக்காவில் 1993 முதல் 1995 வரையிலான மாடல்கள்தான் விற்பனைக்கு வந்தன. 15 ஆண்டு தாண்டிய கார்களைக் கனடாவுக்கு இறக்குமதி செய்யலாம் என்பதால் வலப்பக்க ஸ்டீயரிங் எஃப்டிகளும் வருகின்றன. ஆனாலும் விலை சேகரிப்பாளர்களின் கைக்குப் போய்விட்டது. சிக்கனமாக வாங்க நினைப்பவர்கள் அதற்கு முந்தைய எஃப்சி டர்போவைத் தேடுங்கள். அமெரிக்க மாடலில் 1987இல் 182 குதிரைசக்தி, 1989 முதல் 200. வெறும் 1308 சிசி எஞ்சினில் இது வருகிறது.

எஞ்சினுக்காக ஏன் பணம் ஒதுக்கச் சொல்கிறேன்? ரோட்டரி எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. நிலக்கடலை ஓடு போல இடுப்பு சற்று ஒடுங்கிய கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் சுழல்கிறது. அதன் மூன்று முனைகளிலும் மெல்லிய சீல்கள். இவற்றுக்கு ஏபெக்ஸ் சீல் என்று பெயர். கூட்டின் சுவரை உரசிக்கொண்டே ஓடுவதால் இவை தேய்ந்துதான் தீரும். அந்தச் சீல்களுக்கு மசகாக எஞ்சின் தானே கொஞ்சம் ஆயிலை உள்ளே செலுத்தி எரிக்கிறது. ஆகவே ஆயில் குறைவது இயல்பு. "என் கார் ஒரு சொட்டு ஆயில்கூடக் குடிக்காது" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், சீல்களுக்கு ஆயில் செலுத்தும் பம்பைக் கழற்றிவிட்டாரா, பதிலுக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டினாரா என்று கேளுங்கள்.

கம்ப்ரெஷன் சோதனை, அதாவது எஞ்சின் உள்ளே காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்கும் சோதனை, செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சாதாரண அழுத்த கேஜ், ரோட்டரைச் சுற்றியுள்ள மூன்று அறைகளில் அழுத்தம் அதிகமாக உள்ள ஒன்றை மட்டுமே காட்டும். மற்ற இரண்டும் செத்திருந்தாலும் தெரியாது. ரோட்டரிக்கென்று தனிக் கருவி உண்டு. அது கிடைக்காவிட்டால், எரிபொருளைத் துண்டித்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கேஜை மாட்டி, அதன் வால்வை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். முள் சமமாக மூன்று மூன்றாகத் துள்ள வேண்டும். காதிலும் புஸ், புஸ், புஸ் என்று ஒரே சீராகக் கேட்க வேண்டும். புஸ் வர வேண்டிய இடத்தில் வெற்று இடைவெளி வந்தால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம். இந்த எஞ்சினில் இரண்டு ரோட்டர் உண்டு, இரண்டிலும் இதைச் செய்யுங்கள்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ச் சேருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் வேறு நாள் வருவதாகச் சொல்லுங்கள். முதல் ஸ்டார்ட்டில் இனிப்பு வாசனையோடு வெண்புகை வந்து நிற்காமல் தொடர்ந்தால், கூலன்ட் சீல் உடைந்து தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஒரே ஒரு முறை அளவுக்கு மீறிச் சூடேறினாலே இந்தச் சீல் போகலாம். பிறகு அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கம்ப்ரெஷன் குறைந்த ரோட்டரி சூட்டில்தான் அடம்பிடிக்கும்.

எந்த மாற்றமும் செய்யாத கார் கிடைத்தால், பெயின்ட் மங்கியிருந்தாலும் அதையே எடுங்கள். பெரிய சைலன்சர் மாட்டிய எஃப்சியைக் கண்டு இளைஞர்கள் மயங்குகிறார்கள். எனக்கு அதைக் கண்டால் பயம். அப்படிப் புகை வழி திறந்துவிட்டால், மிகுதிப் புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் சிறிய கதவான வேஸ்ட்கேட்டால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த முடியாது. பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறிக்கொண்டே போகும், அதற்கு ஈடாகப் பெட்ரோல் போகாது, எஞ்சினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் வரும், ஏபெக்ஸ் சீல் உடையும். உடைந்த துண்டு வெளியேறும் வழியில் டர்போவின் இறக்கைகளையும் நொறுக்கிவிடும். இரண்டு செலவு. மாற்றம் செய்த காரென்றால் பெட்ரோல் இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் டியூனிங் ஆகியவற்றுக்கான ரசீதுகளைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் அந்த வேலை நடக்கவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

கனடாவில் இன்னொன்று, துரு. குளிர்காலச் சாலை உப்பு பின்சக்கர வளைவையும் அடிப்பாகத்தையும் தின்றுவிடும். எஞ்சினைக் கட்டிவிடலாம், துருப்பிடித்த பாடியைக் காப்பாற்றுவது அதைவிடச் சிரமம். அதனால் எஞ்சின் போன, ஆனால் பாடி சுத்தமான கார் குறைந்த விலையில் வந்தால், ஓடுகிற துருப்பிடித்த காரைவிட அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வாங்கியதும் பானெட்டைத் திறந்து பெட்ரோல் வாசனை வருகிறதா என்று பாருங்கள். எரிபொருள் குழாயில் அழுத்தத் துள்ளலை அடக்கும் பல்சேஷன் டேம்பர் என்ற பாகம் பழசானால் கசியலாம். சூடான எஞ்சின்மேல் கசிந்தால் கார் தீப்பிடிக்கலாம். காரை நெடுஞ்சாலையில் விரட்டும் முன் அந்த டேம்பரை மாற்றுங்கள். கூடவே முப்பது ஆண்டுச் சூட்டில் விறைத்துப்போன ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். வணக்கம்.