மேயா, டிசம்பரா? தாய்லாந்துத் தீவுப் பயணத்தைத் திட்டமிடும் முறை

(திரையில்: தாய்லாந்து வரைபடம். தெற்கே நீளும் ஒடுங்கிய நிலப்பகுதி பெரிதாகிறது.)

தாய்லாந்து போக நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது விமான டிக்கெட் விலை. அடுத்து ஓட்டல். மழையைப் பற்றிய யோசனை கடைசியில்தான் வரும், அதற்குள் பணம் கட்டியாகியிருக்கும். இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். எந்த மாதம் லீவு கிடைக்கும் என்று பார்த்து, அந்த மாதத்துக்கு எந்தக் கடற்கரை சரிப்படும் என்று முடிவு செய்து, அதன்பிறகு டிக்கெட் போடுங்கள்.

தாய்லாந்தின் தெற்கே நீளும் இந்த ஒடுங்கிய நிலப்பகுதிக்கு மேற்கே அந்தமான் கடல். புக்கெட், கிராபி, பீபீ, லாந்தா, சிமிலன் எல்லாம் அந்தப் பக்கம். கிழக்கே தாய்லாந்து வளைகுடா. சமுய், பங்ஙன், தாவ் தீவுகள் இந்தப் பக்கம். நடுவில் மலைகள். ஜூனில் கேரளம் நனையும்போது சென்னை காய்வதும், நவம்பரில் சென்னை தண்ணீரில் நிற்பதும் எந்தக் காற்றுகளால் நடக்கின்றனவோ, அதே இரண்டு பருவக்காற்றுகள்தான் இங்கும். தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கரையை நனைக்கும். வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை வளைகுடாத் தீவுகளில் கொட்டும், அதிலும் நவம்பர்தான் மோசம்.

(திரையில்: பன்னிரண்டு மாதக் கட்டம். இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நிறம்.)

இதை நம் லீவு நாட்களோடு பொருத்திப் பார்ப்போம். கோடை விடுமுறை, அதாவது மே மாதம்: சமுய் பக்கம் போங்கள். வெயில் கடுமையாக இருக்கும், சில நாள் மழையும் வரும், ஆனால் பெரும்பாலும் படகு ஓடும், கடலில் இறங்கலாம். அதே மே மாதத்தில் புக்கெட் ஓட்டல் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று தோன்றும். விலை இறங்குவதற்குக் காரணமே கடல்தான். சிமிலன் தீவுகள் தேசியப் பூங்கா ஆண்டுதோறும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடப்பட்டிருக்கும். லாந்தாவில் பல ஓட்டல்கள் கதவையே சாத்திவிடும்.

அரையாண்டு விடுமுறை, டிசம்பர் கடைசி: அந்தமான் கரை. கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், விலை மட்டும் உச்சத்தில் இருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளுக்குச் சில ஓட்டல்கள் கட்டாய விருந்துக் கட்டணம் என்று தனியாக வாங்கும். முன்பதிவுப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தீபாவளி லீவில் தீவு வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. ஒரு கரையில் மழை முழுதாக விட்டிருக்காது, மறுகரையில் ஆரம்பித்திருக்கும். பாங்காக், சியாங் மாய் என்று வடக்கே போங்கள். நவம்பரில் சியாங் மாய் அருமையாக இருக்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை மட்டும் அங்கே போகாதீர்கள். வயலையும் காட்டையும் எரிக்கும் புகை ஊரையே மூடிக்கொள்ளும், எதிரே உள்ள மலைகூடத் தெரியாது.

ஒரே பயணத்தில் இரண்டு கரைகளையும் பார்த்துவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். புக்கெட்டிலிருந்து சமுய் போக வேன், படகு எல்லாம் சேர்த்து ஒரு பகல் முழுக்கப் போய்விடும். ஏழு இரவு என்றால் பாங்காக்கில் இரண்டு, தீவில் நான்கு, திரும்பி வந்து பாங்காக்கில் ஒன்று. அந்தக் கடைசி ஒன்று எதற்கு என்று பிறகு சொல்கிறோம்.

(திரையில்: பாங்காக்கிலிருந்து சமுய் வரை மூன்று வழிகள், மூன்று கோடுகள்.)

சமுய்க்குப் போவது எப்படி? அங்குள்ள விமான நிலையம் பாங்காக் ஏர்வேஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதனால் டிக்கெட் விலை கையைக் கடிக்கும். மலிவான வழி, நிலப்பகுதியில் உள்ள சூரத் தானி என்ற ஊருக்கு விமானத்தில் போய், பேருந்தும் படகும் சேர்ந்த ஒரே டிக்கெட்டை வாங்குவது. டோன் சாக் துறையிலிருந்து பெரிய படகில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரம். மதியத்துக்கு முன்பே சூரத் தானியில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். சாயங்காலம் இறங்கினால் அன்றைய கடைசிப் படகு போயிருக்கும், இரவு அந்த ஊரிலேயே தங்க வேண்டி வரும்.

மூன்றாவது வழி இரவு ரயில். பழைய வழிகாட்டிகளில் ஹுவா லம்போங் நிலையம் என்று போட்டிருக்கும். 2023 ஜனவரியிலிருந்து தெற்கே போகும் நெடுந்தூர ரயில்கள் பாங் சூ பகுதியில் உள்ள குருங் தேப் அபிவாட் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. இன்னொன்று: சூரத் தானி ரயில் நிலையம் அந்த ஊருக்குள் இல்லை, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி புன்பின் என்ற இடத்தில் இருக்கிறது. விடியற்காலையில் இறங்கியதும் வெளியே நிற்கும் படகு நிறுவனப் பேருந்தில் நேராக ஏறிக்கொள்ளலாம்.

பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள். சென்னை, கொழும்பிலிருந்து வரும் விமானங்கள் சில சுவர்ணபூமிக்கு வரும், சில டோன் முவாங்குக்கு. மலிவு உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலும் டோன் முவாங்கிலிருந்து. இரண்டுக்கும் நடுவே ஊரின் போக்குவரத்து நெரிசல் மொத்தமும் இருக்கிறது. தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஐந்து மணி நேர இடைவெளி வையுங்கள்.

(திரையில்: ஆவோ நாங் கடற்கரை. நீளவால் படகு.)

அந்தமான் கரைக்குப் போகிறவர்கள் பெட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும். கிராபியில் ரைலே என்ற கடற்கரைக்குச் சாலையே கிடையாது, நிலத்தோடு ஒட்டியிருந்தாலும் சுண்ணாம்புப் பாறைகள் மறித்து நிற்கின்றன. ஆவோ நாங்கிலிருந்து நீளவால் படகில்தான் போக வேண்டும். மரப்படகு, பின்னால் மோட்டாரும் நீண்ட தண்டும். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் கிளம்புவார்கள், அல்லது அந்த எட்டுப் பேர் காசையும் நீங்களே கொடுக்க வேண்டும். மேடை, படிக்கட்டு எதுவும் இருக்காது. முழங்கால் தண்ணீரில் நடந்து, படகின் முன்பக்கத்தில் தொங்கும் சின்ன ஏணியில் ஏற வேண்டும். சக்கரப் பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு அதைச் செய்வது வயதானவர்களுக்குக் கஷ்டம். முதுகில் மாட்டும் பை எடுத்துப் போங்கள். பாஸ்போர்ட்டையும் போனையும் தண்ணீர் புகாத உறையில் போடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம்.

பீபீயில் மாயா விரிகுடா பார்க்க வேண்டும் என்றால்: கூட்டத்தால் பவளப்பாறை அழிந்ததால் 2018 ஜூனில் அதை மூடினார்கள், 2022 ஜனவரியில் திறந்தார்கள். இப்போது ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடுகிறார்கள். படகு முன்பக்கம் போகாது, பின்பக்கத் துறையில் இறக்கிவிடுவார்கள். உள்ளே நீந்த முடியாது, காலை நனைக்கலாம், அவ்வளவுதான். ஒருநாள் சுற்றுலாக் கட்டணத்தில் தேசியப் பூங்கா நுழைவுச்சீட்டு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேராவிட்டால் வெளிநாட்டவருக்குத் தலைக்குச் சில நூறு பாட் (தாய்லாந்து நாணயம்) கூடும். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை. பலகையிலேயே எழுதியிருக்கும், சண்டை போட்டுப் பயனில்லை.

தேசியப் பூங்காக்களில் எல்லா சன்ஸ்கிரீனும் பூச முடியாது. பவளத்தைப் பாதிக்கும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ளிட்ட நான்கு பொருட்களுக்கு 2021 ஆகஸ்டிலிருந்து தடை. அபராதம் 1,00,000 பாட் வரை போகலாம். குப்பியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

(திரையில்: சிவப்புக் கொடி. அலைகளுக்கு நடுவே அமைதியாகத் தெரியும் ஒரு கீற்று.)

மழைக்காலத்தில் புக்கெட் போயே ஆகவேண்டும் என்றால் இதைக் கவனியுங்கள். கரோன், கட்டா, நாய் ஹார்ன் போன்ற மேற்குக் கடற்கரைகளில் அலை கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் ஒரு குறுகிய பாதை வழியாகத் திரும்பக் கடலுக்குள் ஓடும். அந்தப் பாதையில் அலை உடையாது. பார்ப்பதற்கு அதுதான் அமைதியான இடம் போலத் தெரியும், அதனால்தான் ஆட்கள் அங்கே இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், பலம் தீர்ந்துவிடும். மிதந்தபடி கையை உயர்த்துங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். சிவப்புக் கொடி இருந்தால் காலைக்கூட நனைக்க வேண்டாம்.

வளைகுடாப் பக்கம் பெட்டி ஜெல்லி மீன் உண்டு. கொட்டினால் உயிருக்கே ஆபத்து. சமுய், பங்ஙன் கடற்கரைகள் பலவற்றில் கம்பத்தில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். கொட்டிய இடத்தில் வினிகரைத் தாராளமாக ஊற்றுங்கள், தேய்க்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தைகளுக்கு முழுக்கை நீச்சலுடை போடுங்கள்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு. நம்மைப் போல இடப்பக்க ஓட்டம்தான், ஆனால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் இருசக்கர வகை குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு பணம் தராது. பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கும் கடைக்குப் போகாதீர்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் கறியில்லாததா என்று கேட்டால் போதாது, மீன் சாஸ் எல்லாவற்றிலும் விழும். மஞ்சள் கொடியில் சிவப்பில் எழுதிய "ஜே" கடைகளைத் தேடுங்கள். அங்கே முட்டை, பால், வெங்காயம், பூண்டுகூட இருக்காது.

பணத்துக்கு ரூபாயைக் கொண்டுபோய் மாற்றினால் நஷ்டம். டாலர் நல்லது, அதிலும் நூறு டாலர் தாளுக்கு விலை கூட. சுவர்ணபூமியில் வருகைக் கூடத்தில் மாற்றாமல், ரயில் ஏறும் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போங்கள், அங்குள்ள கடைகளில் கூடுதல் பாட் கிடைக்கும். ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் பிடிப்பார்கள், அதனால் ஒரேயடியாக எடுங்கள். "ரூபாயில் கணக்கிடவா?" என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு 2024 ஜூலையில் 60 நாள் விசா விலக்கு வந்தது. இந்த விதிகள் அடிக்கடி மாறும், டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தில் பாருங்கள். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்டால் போலித் தளம். திரும்பும் டிக்கெட், ஓட்டல் முன்பதிவு, கொஞ்சம் ரொக்கம் மூன்றையும் கைப்பையில் வையுங்கள், கேட்டால் காட்ட வேண்டும். மின்சிகரெட் கொண்டுபோகாதீர்கள், அங்கே சட்டவிரோதம்.

(திரையில்: விமான டிக்கெட். புறப்படும் நேரம் 00:30 வட்டமிடப்படுகிறது.)

இப்போது அந்தக் கடைசி இரவு. கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அன்றே பாங்காக்கில் விமானம் ஏற வேண்டியிருந்தால் டிக்கெட் போனது போனதுதான். அதற்காகத்தான் முந்தைய நாளே தீவை விட்டுக் கிளம்பச் சொல்கிறோம். ஊர் திரும்பும் விமானம் நள்ளிரவுக்குப் பிறகு என்றால் தேதியை இரண்டு முறை பாருங்கள்: 15ஆம் தேதி 00:30 என்றால், 14ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கே நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.