கதவு நிலையில் ஒரு பென்சில் கோடு

நேயர்களுக்கு வணக்கம்.

31 வருடம் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். பிள்ளைகள் வாயில் 'பி.டி. சார்'. ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. இருந்தாலும் சாயங்காலமானால் கால் தானாக மைதானத்துக்குப் போய்விடுகிறது. அங்கே பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான். "சார், பையனுக்குப் பதிமூணு வயசு. ஜிம்முக்குப் போகணும்னு அடம்பிடிக்கிறான். வெயிட் தூக்கினா வளர்த்தி நின்னுடும்னு சொல்றாங்களே?"

நிற்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் யாராவது ரேடியோவை அணைத்துவிட்டாலும் இந்த ஒன்று போய்ச் சேரட்டும்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில், நுனிக்குப் பக்கத்தில் குருத்தெலும்பாலான ஒரு மெல்லிய தட்டு இருக்கும். வளர்ச்சித் தட்டு என்பார்கள். எலும்பு நீளுவது அங்கேதான். வளர்ச்சி முடியும்போது அது கெட்டியாகி மூடிக்கொள்ளும். பெண் பிள்ளைகளுக்கு முன்னால், ஆண் பிள்ளைகளுக்கு ஓரிரு வருடம் கழித்து. அதில் பலமாக அடிபட்டால் பிரச்சினை வரலாம், உண்மைதான். ஆனால் முறையாகச் சொல்லிக்கொடுத்து, பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்கிற பயிற்சியால் வளர்ச்சி குன்றியதாகச் சான்று இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இதைச் சொல்லியிருக்கிறது. 2014இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வெளியிட்ட கருத்தறிக்கையும் இதையே சொல்கிறது. மாமரத்திலிருந்து தொப்பென்று குதிக்கிற பிள்ளையின் காலில் அவன் எடையைப் போலப் பல மடங்கு விசை இறங்குகிறது. மரம் ஏறினால் குள்ளமாகிவிடுவாய் என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

"மீராபாய் சானுவைப் பாருங்க சார், எவ்வளவு குள்ளம்" என்பார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் வெள்ளி வென்றவர். அந்த எடைப் பிரிவில் உயரமானவர் எப்படி நிற்க முடியும்? கை கால் குட்டையாக இருந்தால் பளுவை மேலே கொண்டுபோகும் தூரம் குறைவு, அதனால் குள்ளமானவர்கள் அங்கே தேறி வருகிறார்கள். கூடைப்பந்து ஆடியதால் யாரும் நெட்டையாவதில்லையே, அதே கதைதான். மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய ஜார்ஜியா நாட்டு லாஷா தலகாட்ஸேவின் உயரம் 197 சென்டிமீட்டர். நம் வீட்டு வாசலில் அவர் குனிந்துதான் நுழைய வேண்டும்.

சரி, அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்த கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு எடைப் பயிற்சியில் பட்ட அடிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கையிலும் பாதத்திலும். பெரும்பாலும் டம்ப்பெல்லைக் காலில் போட்டுக்கொண்டது, விரல் நசுங்கியது. அண்ணன் வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்த எட்டு கிலோவைத் தம்பி யாரும் இல்லாத நேரத்தில் எடுக்கிறான். வீட்டில் டம்ப்பெல் இருந்தால் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

இனி, எப்படி ஆரம்பிப்பது? சொன்னதைக் கேட்டுச் செய்யத் தெரிந்தால் போதும், ஏழெட்டு வயதிலேயே ஆரம்பிக்கலாம். முதல் கருவி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஒட்டடைக் குச்சி. துடைப்ப முனையைக் கழற்றிவிட்டு, குச்சியைப் பிள்ளையின் முதுகோடு நெட்டுக்குத்தாக வையுங்கள். பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடு, இடுப்புக்குக் கீழே வால் எலும்பு, மூன்று இடத்திலும் குச்சி தொட வேண்டும். இப்போது முழங்காலை லேசாக மடக்கி, பின்பக்கத்தால் கதவைத் தள்ளுகிற மாதிரி இடுப்பைப் பின்னால் கொண்டுபோகச் சொல்லுங்கள். பத்தில் ஏழு பிள்ளைக்கு ஏதாவது ஒரு இடத்தில் குச்சி விலகிவிடும். விலகினால் முதுகு வளைகிறது என்று அர்த்தம். விலகாமல் பத்துப் பதினைந்து முறை வருகிற வரைக்கும் அந்தப் பிள்ளைக்குத் தரையிலிருந்து எதையும் தூக்கக் கொடுக்காதீர்கள். பஸ்கிக்கும் இதே மாதிரிதான். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது, முழங்கால் உள்பக்கம் சாயாமல் பாதத்தின் திசையிலேயே போக வேண்டும்.

வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கியவர். அவர் அப்பாவும் பளுதூக்கியவர். இந்த மாதிரி வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. பக்கத்தில் நிற்பவருக்கு எப்போது "போதும், இறக்கு" என்று சொல்வது என்று தெரியும். நம் தெரு ஜிம்மில் அது தெரிந்தவர் இருக்கிறாரா என்று பாருங்கள். சேர்ப்பதற்கு முன்னால் அங்கே பத்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். பயிற்சியாளர் பிள்ளையைப் பார்க்கிறாரா, போனைப் பார்க்கிறாரா? அதிலேயே தெரிந்துவிடும்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், நடுவே ஒரு நாள் இடைவெளி. ஒரு பயிற்சியை நிறுத்தாமல் சில முறை செய்வது ஒரு செட், ஒன்றிரண்டு செட்டில் ஆரம்பித்தால் போதும். பத்து கிலோ சுத்தமாக வந்தால் அடுத்தது பத்தரை, மிஞ்சிப்போனால் பதினொன்று. பதினைந்து இல்லை. இன்னொன்று: வயதுக்கு வருவதற்கு முன்னால் சதை ஏறாது, ஆனால் பலம் ஏறும். மூளையும் தசையும் பேசிப் பழகுவதால் வருகிற பலம் அது. போனில் எவனோ புஜத்தைக் காட்டுவதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன் நிற்கிற பையனுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் புரோட்டீன் பவுடர் டப்பா வேண்டும் என்பான். முட்டை, கடலை, சுண்டல் போதும் அவனுக்கு.

பஸ்கியைப் பற்றி ஒரு வார்த்தை. தாமதமாக வந்தவனுக்கு நூறு பஸ்கி என்று நானும் போட்டிருக்கிறேன். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அத்தனை நல்ல பயிற்சியைத் தண்டனையாக்கினால் எந்தப் பிள்ளை அதை ஆசையாகச் செய்யும்?

கூசுகிற விஷயம் இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

பல வருடத்துக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். நீளம் தாண்டுவான். ஓடி வருகிற வேகமும் பலகையில் கால் வைக்கிற துல்லியமும், பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தான், பேன்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது. வளர்ந்துவிட்டான், இதுதான் சமயம் என்று நினைத்தேன். தினமும் ஒற்றைக் காலில் மைதானத்துப் படிகளில் தாவ வைத்தேன், தோளில் மணல் மூட்டையோடு. மூன்றாவது வாரம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. தொட்டாலே துள்ளினான். "சோம்பேறித்தனம் பண்ணாதே" என்றேன். அவன் அம்மா டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் என்னையும் வரச்சொல்லி விளக்கினார். எலும்பு நீளுகிற வேகத்துக்குத் தசையும் தசைநாணும் ஈடு கொடுக்காது. தாவும்போதெல்லாம் தொடைத் தசை, முழங்காலுக்குக் கீழே இன்னும் கெட்டிப்படாத இடத்தில் இழுத்துக்கொண்டே இருக்கும். வளருகிற, விளையாடுகிற பிள்ளைகளுக்கு வருவதுதான், சுமையைக் குறைத்தால் போய்விடும். நான் குறைக்கவில்லை, கூட்டினேன். அந்த வருடம் குறுவட்டப் போட்டிக்குக்கூட அவன் போகவில்லை.

அதற்கப்புறம்தான் பென்சில் கோடு. கதவு நிலையில் பிள்ளையைச் செருப்பில்லாமல் நிறுத்தி, தலைமேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு, பக்கத்தில் தேதி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காலை நேரத்தில். சாயங்காலத்துக்குள் எல்லோரும் ஒரு சென்டிமீட்டர் சுருங்கிவிடுவோம். சாதாரணமாக வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளருவார்கள், அதாவது மூன்று மாதத்தில் ஒன்றரைக்குள். இரண்டைத் தாண்டினால், பிள்ளை திடுதிப்பென்று வளருகிற அந்த வளர்ச்சிக் குதிப்பு வந்துவிட்டது. பெண் பிள்ளைக்கு 12 வயதை ஒட்டி, பையனுக்கு 14ஐ ஒட்டி, ஒவ்வொருவருக்கும் முன்பின்னாக வரும். முதலில் பாதம், பிறகு கால், கடைசியில்தான் உடம்பு. ஆறு மாதத்தில் இரண்டு தடவை ஷூ பத்தாமல் போனால், கோட்டுக்கு முன்பே ஷூ சொல்லிவிடுகிறது.

அந்த மாதங்களில் எலும்பு நீண்டிருக்கும், ஆனால் அதற்கேற்ற உறுதி வந்திருக்காது. கீழே விழுந்து கை முறிகிற வயதும் இதுதான். நேற்றுவரை அழகாகப் பந்து பிடித்தவன் இன்று தடுமாறுவான். திட்டாதீர்கள், அவனுக்குப் புதுக் கை கால் வந்திருக்கிறது. தாவுவதை, வேகப்பந்து ஓவர்களைக் குறையுங்கள். எடையைக் குறைத்து, ஒட்டடைக் குச்சியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். பலப் பயிற்சியை அடியோடு விட வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். "பொம்பளப் புள்ள வெயிட் தூக்கலாமா சார்" என்று தயங்குகிறார்கள். வயதுக்கு வந்தபின் குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சாய்ந்து தசைநார் அறுவது பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கால்பந்துக்காரர்களுக்கென்று ஃபிஃபா ஒரு இருபது நிமிஷ ஆயத்தப் பயிற்சி வைத்திருக்கிறது. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்தபோது கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகின. கருவி எதுவும் வேண்டாம். கபடி, கோ-கோ பிள்ளைகளுக்கும் நான் அதைத்தான் செய்ய வைக்கிறேன். எடைப் பிரிவுக்காகச் சாப்பாட்டைக் குறைக்கிற பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அதே நார்வேயில் 11 வயது வரை பிள்ளைகளின் போட்டிக்குத் தரவரிசைப் பட்டியலே கிடையாது. தேசியப் போட்டி 13க்கு மேல்தான். நம் ஊரில் தலைமை ஆசிரியர் மேஜையில் கோப்பை எத்தனை என்றுதான் பேச்சு. 14 வயதுக்குட்பட்டோர் ஓட்டத்தில் மீசை அரும்பியவன் ஜெயிக்கிறான். பக்கத்தில் ஓடிய சின்னப் பையன் தனக்கு வராது என்று அடுத்த வருடம் நின்றுவிடுகிறான். இரண்டு வருடம் பொறுத்தால் யார் எங்கே நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதனால்தான் இருவரையும் மைதானத்தில் வைத்திருக்கச் சொல்கிறேன். ஒரே ஆட்டம் என்று கட்டிப்போடவும் வேண்டாம். கோச்சிங் நேரம் வாரத்துக்குப் பிள்ளையின் வயதைத் தாண்டினால், அதாவது 12 வயதுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் போனால், காயம் கூடுவதாகச் சிகாகோவில் நடந்த ஓர் ஆய்வு சொல்கிறது. மீதி நேரம் தெருவில் அவர்கள் இஷ்டத்துக்கு ஆடட்டும்.

நீளம் தாண்டிய அந்தப் பையன் இப்போது லாரி ஓட்டுகிறான். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஏழாவது படிக்கிற மகள், கதவு நிலை, தலைக்கு மேல் பென்சில் கோடு. பக்கத்தில் தேதி போடவில்லை. போட்டுவிட்டு மறுபடி அனுப்பச் சொன்னேன்.

வணக்கம்.