ஒரு பல்லு உடைஞ்சா ரெண்டரை லட்சமா? நடந்து போறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய சட்டம்

ஒரு பல்லு. ஒரே ஒரு பல்லு. ரோட்டோரமா நடந்து போயிட்டிருக்கீங்க. பின்னாடி வந்த பைக் இடிச்சுக் குப்புற விழுந்து முன்பல்லு உடையுது. இதுக்குச் சட்டத்துல எழுதியிருக்கிற தொகை 2,50,000 ரூபாய். தப்பு யார் மேலன்னு நிரூபிக்கக்கூட வேண்டாம். நம்பலைல்ல? பிரிவு எண்ணோட சொல்றேன். ஓட்டி ஓட்டிப் பார்க்காதீங்க, அந்த இடம் போயிடும்.

(டைட்டில் இசை. பின்னணியில் காலைநேரப் பால் பூத், நடைபாதையை அடைச்சுக்கிட்டு நிற்கிற டிரான்ஸ்பார்மர்.)

வணக்கம். முதல்ல எங்க அத்தை கதை.

போன வருஷம், காலையில ஆறு மணி. அத்தை பால் வாங்கிட்டுத் திரும்பி வர்றாங்க, கையில ரெண்டு பாக்கெட். எங்க தெருமுனையில நடைபாதைன்னு ஒண்ணு இருக்கு. அது மேல டிரான்ஸ்பார்மர், அதை ஒட்டி ஒரு தள்ளுவண்டி. அத்தை கீழ இறங்கி ரோட்டுல நாலு அடி வச்சாங்க. ஸ்கூட்டர் வந்து இடிச்சிடுச்சு. கையை ஊன்றி விழுந்தாங்க, பாக்கெட் ரெண்டும் வெடிச்சு ரோடெல்லாம் பால். ஓட்டின பையனுக்கு இருபது வயசு இருக்கும், நடுங்குறான். கூட்டம் கூடிடுச்சு. நம்ம ஊர் கூட்டத்துக்குன்னு ஒரு வசனம் இருக்கே: "சின்னப் பையன்மா, பேசி முடிச்சுக்கங்க." அவன் ரெண்டாயிரம் ரூபாயை நீட்டுறான். எங்க அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? "இவ்வளவு எதுக்குப்பா, பாலுக்கு மட்டும் குடு."

ரெண்டு நாள்ல மணிக்கட்டு வீங்கிப்போச்சு. எக்ஸ்ரே எடுத்தா எலும்பு முறிவு. பிளேட் வச்சு ஆபரேஷன், எண்பதாயிரத்துக்கு மேல செலவு. வண்டி நம்பர் என்னன்னு கேட்டா, "நீலக் கலர் ஸ்கூட்டர்"னாங்க. அவ்வளவுதான். அந்தக் கணக்கு அங்கேயே முடிஞ்சுபோச்சு.

இது எங்க அத்தைக்கு மட்டும் நடக்கிறதில்லை. 2022ல இந்தியச் சாலைகள்ல நடந்து போனப்பவே உயிரை விட்டவங்க 32,825 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட கணக்கு. ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர், அதாவது ரெண்டு பஸ் நிறைய ஆளுங்க.

சட்டத்தோட பின்னணியை வேகமா ஓட்டிடுறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988. பெரிய திருத்தம் 2019ல. இழப்பீடு சம்பந்தப்பட்ட பகுதி நடைமுறைக்கு வந்தது 2022 ஏப்ரல் 1. அவ்வளவுதான், தூங்கிடாதீங்க.

ஆனா ஒரு வார்த்தையை மட்டும் நிறுத்திப் பார்க்கணும். 'தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்.' நாம எல்லாரும் இதைப் போலீஸ் பிடிச்சா காட்டுற பேப்பர்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். வண்டிக்காரர் முதல் ஆள், இன்சூரன்ஸ் கம்பெனி ரெண்டாவது ஆள். மூணாவது ஆள் யாரு? நீங்கதான். ரோட்டுல நடந்து போற நீங்க. எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடல, ஒரு பைசா பிரீமியம் கட்டல. ஆனாலும் அந்தப் பாலிசி உங்களுக்காகத்தான் போட்டிருக்கு. ஊர்ல ஓடுற ஒவ்வொரு வண்டியும் உங்க பேருக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கணும், அது கட்டாயம். எனக்கு இது புரிஞ்ச அன்னைக்கு ரோட்டுல நடக்கிறப்ப நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நடந்தேன். அடுத்த நிமிஷமே ஒரு ஷேர் ஆட்டோ உரசிட்டுப் போச்சு, அது வேற கதை.

வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லைன்னா? வண்டி சொந்தக்காரர் கையிலிருந்து கட்டணும். ஓட்டினவருக்கு லைசென்ஸ் இல்லைன்னா? பெரும்பாலான வழக்குல இன்சூரன்ஸ் கம்பெனியை முதல்ல உங்களுக்குக் கட்டச் சொல்லிட்டு, அப்புறம் சொந்தக்காரர்கிட்ட வசூல் பண்ணிக்கச் சொல்லுது கோர்ட்டு.

இப்ப பல்லுக்கு வருவோம். பிரிவு 164. யார் மேல தப்புன்னே பேச்சில்லை. மரணம்னா 5 லட்சம், 'கொடுங்காயம்'னா 2.5 லட்சம். கொடுங்காயம்னா என்ன? அதுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 320ஐப் பார்க்கணும். பார்வை போறது, காது கேட்காம போறதுன்னு பெரிய பெரிய விஷயமா வரிசையா வரும். அதுல ஏழாவது: எலும்பு அல்லது பல் முறிவு, இல்லைன்னா பிசகுதல். பல்லை எலும்போட ஒரே வரியில உட்கார வச்சுட்டாங்க! எங்க அத்தையோட மணிக்கட்டும் அதே வரியிலதான் வருது. ரெண்டரை லட்சம். அவங்க கேட்டது ரெண்டு பாக்கெட் பால்.

ஒரு எச்சரிக்கை. 164ல பணத்தை வாங்கிட்டா பிரிவு 166ல பெரிய தொகை கேட்டுப் போட்ட மனு காலாவதி ஆயிடும். 166 தான் எல்லாரும் சொல்ற 'கிளைம் கேஸ்'. வக்கீல் ஆபீஸ்ல எம்.சி.ஓ.பி.ம்பாங்க. அதுல ஓட்டினவர் தப்பைக் காட்டணும், ஆனா தொகைக்கு உச்சவரம்பு இல்லை. பல்லு, மணிக்கட்டு மாதிரி முறிவுக்கு 164 போதும். குடும்பத்தைத் தாங்குறவருக்குக் கால் போச்சுன்னா 166 தான்.

166ல எதிர்த்தரப்பு முதல்ல சொல்றது, "அவர்தான் திடீர்னு குறுக்க வந்தார்." இந்த வழக்குகளை விசாரிக்கிற தீர்ப்பாயம் அதை ஏத்துக்கிட்டா தொகையில பத்து சதவீதம், இருபது சதவீதம்னு குறைப்பாங்க. பிரான்ஸ்ல 1985லயே ஒரு சட்டம் போட்டுட்டாங்க. நடந்து போறவர் 16 வயசுக்குக் கீழ இருந்தாலோ 70க்கு மேல இருந்தாலோ, தப்பாவே குறுக்க ஓடியிருந்தாலும் உடல் காயத்துக்கு முழு இழப்பீடு. வேணும்னே போய் விழுந்தா மட்டும்தான் கிடையாது. நம்ம ஊர்ல தாத்தா ரோடு கடந்தா என்ன கேட்போம்? "பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்தியா?"

சரி, இந்த வீடியோ எடுக்க உட்கார்ந்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான். அம்மாவோட சம்பளம்.

ஒரு வீட்ல அம்மா ரோடு கடக்கிறப்ப அடிபட்டு இறந்துட்டாங்க. வக்கீல் கேட்கிறார், "அம்மா என்ன வேலை பார்த்தாங்க?" பையன் சொல்றான், "வேலையெல்லாம் இல்ல சார், சும்மா வீட்லதான் இருந்தாங்க." அந்த 'சும்மா'வுக்கு என்ன விலைன்னு இந்திய கோர்ட்டுங்க முப்பது வருஷமா மண்டையை உடைச்சிருக்கு.

1994ல சட்டத்துல ஒரு அட்டவணை போட்டாங்க. சம்பாதிக்காத மனைவியோட வருமானம்னா, கணவர் வருமானத்துல மூணுல ஒரு பங்கு. யோசிச்சுப் பாருங்க. கணவருக்குப் புரமோஷன் வந்தா மனைவி வைக்கிற சாம்பாரோட விலை ஏறும். அவருக்கு வேலை போனா சாம்பார் விலை சரியும். அதே பருப்பு, அதே புளி!

2001ல உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியோட சேவைக்கு மாசம் 3,000 ரூபாய்னு ஒரு கணக்கு வச்சுது. அது சாலை விபத்தே இல்லை, 1989ல ஜாம்ஷெட்பூர்ல நடந்த ஒரு தீ விபத்து. ஆனா அந்த மூவாயிரம் சாலை விபத்து வழக்குகளுக்கும் வந்து ஒட்டிக்கிச்சு.

2009ல நம்ம சென்னை உயர் நீதிமன்றம். நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் எழுதின தீர்ப்பு. அம்மாவோட வேலையை அளக்க மூணு வழியை அதுல எடுத்துப் பேசுறாங்க. ஒண்ணு, வீட்ல இருக்காம வெளிய வேலைக்குப் போயிருந்தா என்ன சம்பாதிச்சிருப்பாங்க? ரெண்டு, கல்யாணத்தைச் சரிபாதிக் கூட்டுத் தொழிலாப் பார்த்தா கணவர் சம்பளத்துல பாதி அவங்களோடது. மூணு, அவங்க பண்ணின வேலைக்கெல்லாம் ஆள் வச்சா என்ன ஆகும்? இந்த மூணாவது எனக்குப் பிடிச்சது. சமையலுக்கு ஒருத்தர், பாத்திரம் துணிக்கு ஒருத்தர், பிள்ளைக்கு டியூஷன், மாமியாருக்கு ராத்திரி மாத்திரை குடுக்க நர்ஸ். இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர்ல உங்க வீட்டுக் கணக்கை எழுதிப் பாருங்க. வர்ற தொகையை கமென்ட்ல போடுங்க. அப்பாக்கள் தனியா உட்கார்ந்து படிங்க.

2010ல உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.கே. கங்குலி ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல வீட்டு வேலை பார்க்கிற பெண்களை 'உழைக்காதவர்'னு போட்டு, பிச்சைக்காரங்க, கைதிங்க எல்லாரோடயும் ஒரே கட்டத்துல சேர்த்திருந்தாங்களாம். காலையில நாலரைக்கு எழுந்து தோசை ஊத்துறவங்க உழைக்காதவங்க!

அப்புறம் 2021. நீதிபதி என்.வி. ரமணா. அரசாங்கத்தோட நேரப் பயன்பாட்டு ஆய்வையே எடுத்து வைக்கிறார். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவழிக்கிறது சராசரியா 299 நிமிஷம், ஆண்கள் 97. (இங்கே ரெண்டு நொடி மௌனம். கேமராவைப் பார்த்து முறைப்பு.) அந்த வழக்குல இல்லத்தரசிக்கும் 'எதிர்கால வருமான உயர்வு' சேர்த்துத்தான் கணக்குப் போடணும்னு முடிவாச்சு.

சரி, கணக்கைப் போட்டே காட்டுறேன். தொகை நான் வச்சுக்கிட்டது, சூத்திரம் உச்ச நீதிமன்றத்தோட 2009, 2017 தீர்ப்புகள்ல வந்தது. அம்மாவுக்கு 42 வயசு. மாச மதிப்பு 10,000 ரூபாய்னு வைங்க. நிரந்தர வேலை இல்லாத 40 டு 50 வயசுக்காரங்களுக்கு எதிர்கால உயர்வு 25 சதவீதம், ஆச்சு 12,500. அவங்க தனக்குன்னு செலவழிச்சிருப்பாங்கன்னு, நாலு பேர் நம்பியிருந்தா கால் பங்கைக் கழிப்பாங்க. மீதி 9,375. எந்த அம்மா தனக்குன்னு கால் பங்கு செலவழிச்சாங்கன்னு என்னைக் கேட்காதீங்க, சூத்திரம் அப்படி. வருஷத்துக்கு 1,12,500. 41 டு 45 வயசுக்குப் பெருக்கு எண் 14. மொத்தம் 15,75,000. அதுக்கு மேல ஈமச்சடங்குச் செலவு, துணையை இழந்ததுக்கு, தாயை இழந்ததுக்குன்னு தனித்தனியா வரும். 'சும்மா'வோட விலை இதுதான்.

காயம்பட்டவங்களுக்குக் கணக்கு வேற மாதிரி. இங்க உடம்புல எத்தனை சதவீத ஊனம்ங்கிறதைவிட, அதனால பிழைப்பு எவ்வளவு போச்சுங்கிறதுதான் முக்கியம். கால் போன ஒரு காய்கறி வியாபாரிக்கு, சந்தைக்குக் கொண்டுபோய் உட்கார வச்சா வியாபாரம் பண்ண முடியும்னு சொல்லி, வருமான இழப்பு 85 சதவீதம்னு உச்ச நீதிமன்றம் 2014ல முடிவு பண்ணுச்சு. நம்ம ஊர் தீர்ப்புகள்ல இன்னொரு அழகு உண்டு. வலி வேதனை, ஆஸ்பத்திரிப் போக்குவரத்துக்கெல்லாம் நடுவுல 'கூடுதல் ஊட்டச்சத்து'ன்னு ஒரு தலைப்பு. ஆட்டுக்கால் சூப்புக்குக் கோர்ட்டே காசு தருது! 'உடைகள் சேதம்'னு ஆயிரம் ரூபாய் குடுத்த தீர்ப்புகளும் உண்டு.

இடிச்சவன் நிக்காமப் போயிட்டான், வண்டி எதுன்னே கண்டுபிடிக்க முடியலைன்னா? பிரிவு 161, அதுக்குத் தனித் திட்டம் இருக்கு. மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. மனு போடுற இடம் ஆர்.டி.ஓ. ஆபீஸ். லைசென்ஸ் எடுக்கிற இடம் இல்லைங்க, அங்க போய் நின்னு எட்டுப் போடாதீங்க. வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் ஆபீஸ். ஆனா இதுக்கும் போலீஸ் எஃப்.ஐ.ஆர். வேணும். எங்க அத்தை விஷயத்துல அதுவும் இல்லை.

கிளைம் கேஸ் போடக் காலக்கெடு ஆறு மாசம். நடுவுல இருபத்தேழு வருஷத்துக்கு மேல கெடுவே இல்லாம இருந்துச்சு, 2022ல திரும்பக் கொண்டுவந்துட்டாங்க. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துல வழக்கு. கெடு தாண்டிடுச்சுன்னு மனுவைத் தள்ளுபடி பண்ண வேண்டாம்னு 2025 நவம்பர்ல இடைக்கால உத்தரவு வந்திருக்கு. இருந்தாலும் ஆறு மாசத்துக்குள்ள போட்டுடுங்க. நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம். சென்னைன்னா சிறுவழக்குகள் நீதிமன்றம். வக்கீல் "வர்ற தொகையில இத்தனை பர்சென்ட்"னு பேசினா, பார் கவுன்சில் விதியே அதுக்கு இடம் குடுக்கலைங்கிறது உங்களுக்குத் தெரியும்னு ஒரு சிரிப்புச் சிரிங்க.

அடிபட்ட அன்னைக்குப் பண்ண வேண்டியது கொஞ்சம்தான். வண்டி நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ. ஆஸ்பத்திரியில "வழுக்கி விழுந்துட்டேன்"னு சொல்லாதீங்க. எந்த வண்டி இடிச்சுதுன்னு ஏ.ஆர். பதிவுலயே, அதாவது ஆஸ்பத்திரியில எழுதுற விபத்துப் பதிவேட்டுலயே வரணும். நாலு மாசம் கழிச்சு இன்சூரன்ஸ் வக்கீல் முதல்ல புரட்டுற பக்கம் அதுதான். சிகிச்சைச் செலவுக்குப் பயப்படாதீங்க. தமிழ்நாட்டுல 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல முதல் 48 மணி நேரம் இலவசம். மத்திய அரசுத் திட்டம் 2025ல வந்துச்சு, ஏழு நாளுக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும்.

அந்த டிரான்ஸ்பார்மரை மறந்திருக்க மாட்டீங்க. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012ல உச்ச நீதிமன்றத்துல ஒரு பொதுநல வழக்குப் போட்டார். உடைஞ்ச எலும்பை ஒட்டவச்சு ஒட்டவச்சு அலுத்துப்போய் கோர்ட்டுக்கே போயிட்டார் போல! அந்த வழக்குலதான் 2025 மே மாசம், தடையில்லாத நடைபாதை அரசியலமைப்போட 21ஆவது பிரிவு தர்ற உயிர் வாழும் உரிமையில அடங்கும்னு கோர்ட்டு சொல்லிச்சு. எங்க தெரு டிரான்ஸ்பார்மருக்கு இன்னும் தகவல் போகலை, அங்கேயேதான் நிக்குது.

அத்தை இப்பவும் ஆறு மணிக்குப் பால் வாங்கப் போறாங்க. இடது கையிலதான் பாக்கெட். எதிர்ல வண்டி வந்தா ஒதுங்கி நின்னு, உதடு அசைய நம்பர் பிளேட்டைப் படிக்கிறாங்க. நேத்து வீட்டுக்கு வந்ததும் என்கிட்ட ஒரு நீலக் கலர் ஸ்கூட்டரோட நம்பரை ஒப்பிச்சாங்க.