ஹெர்ப்பிஸும் தாம்பத்தியமும்

வணக்கம் நேயர்களே.

தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். இன்று பேசப் போவது பிறப்புறுப்பில் வரும் ஹெர்ப்பிஸ் பற்றி. வீட்டில் பெரியவர்களோ வளர்ந்த பிள்ளைகளோ பக்கத்தில் இருக்கலாம். அதற்காக வானொலியை நிறுத்திவிட வேண்டாம். அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

இந்த நோயோடு வரும் தம்பதிகள் மருந்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னாலேயே, "இது எங்கேயிருந்து வந்தது டாக்டர்?" என்று கேட்கிறார்கள். கேள்வி எனக்கு, பார்வை பக்கத்து நாற்காலிக்கு. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருக்கும், அதுவரை ஒன்றும் இருந்திருக்காது. திடீரென்று ஒருவருக்குக் கொப்புளம் வந்ததும், மற்றவர் சமீபத்தில் எங்கேயோ தப்பாகப் போய் வந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிடுவார்கள். சில வீடுகளில் சம்பந்தி வரைக்கும் பேச்சு போயிருக்கும். அந்த முடிவுக்கு மருத்துவத்தில் ஆதாரமே கிடையாது. ஏன் என்று புரிந்துகொண்டால், இது எப்படிப் பரவுகிறது, எப்படிக் குறைக்கலாம் என்பதும் கூடவே விளங்கிவிடும்.

ஹெர்ப்பிஸ் வைரஸில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் உதட்டோரத்தில் கொப்புளமாக வருவது. சின்னக் குழந்தையைக் கொஞ்சி முத்தம் கொடுக்கும் பெரியவர்களிடமிருந்தே பலருக்கு வந்துவிடுகிறது. இரண்டாம் வகை உடலுறவு மூலம் பிறப்புறுப்பில் வருவது. ஆனால் உதட்டில் இருக்கும் முதல் வகை, வாய்வழி உறவின்போது துணையின் பிறப்புறுப்புக்கும் போகும். அதாவது, வாழ்க்கையில் வேறு யாரையும் தொட்டிராத ஒரு கணவனிடமிருந்தும் மனைவிக்கு இந்தப் புண் வர முடியும். மனைவியிடமிருந்து கணவனுக்கும் அப்படியே.

இரண்டு வகையுமே தோலோடு தோல் உரசும்போது நுழைகின்றன. நுழைந்ததும் நரம்பைப் பிடித்து ஏறி, பிறப்புறுப்பில் வந்தது என்றால் கீழ்முதுகுத் தண்டுக்குப் பக்கத்தில் உள்ள நரம்பு முடிச்சில் போய்த் தங்கிவிடும். ஆயுள் முழுக்க அங்கேதான் இருக்கும். இன்றைக்கு நம்மிடம் உள்ள எந்த மருந்தும் அங்கிருந்து அதை வெளியேற்றாது. அவ்வப்போது அதே நரம்பு வழியாகக் கீழே இறங்கித் தோலுக்கு வரும். சில தடவை கொப்புளம் போடும். பல தடவை எந்த அடையாளமும் காட்டாமல் வந்துவிட்டுப் போய்விடும். அந்த நாள்களிலும் அது துணைக்கு ஒட்டும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் வகைத் தொற்று உள்ளவர்கள் தினமும் பஞ்சால் துடைத்துக் கொடுத்த மாதிரிகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. புண் வந்த அனுபவம் உள்ளவர்களுக்குச் சுமார் 20 சதவீத நாள்களில் வைரஸ் தோலில் இருந்தது. வாழ்நாளில் புண்ணே வந்ததாக நினைவில்லாதவர்களுக்கும் சுமார் 10 சதவீத நாள்களில் இருந்தது! அதற்கு முன்பே, 1992-இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஒருவருக்கு மட்டும் ஹெர்ப்பிஸ் இருந்த 144 ஜோடிகளை ஏறத்தாழ ஒரு வருஷம் கவனித்தார்கள். 14 பேருக்குத் துணையிடமிருந்து தொற்று வந்தது. அதில் 11 பேர் பெண்கள். விவரம் கிடைத்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு, துணைக்குப் புண் எதுவும் இல்லாத சமயத்தில்தான் தொற்றியிருக்கிறது.

முதல் தடவை கடுமையாக வந்தால் யாருக்கும் தெரியாமல் போகாது. தொற்றிய 2 நாளிலிருந்து 12 நாளுக்குள் காய்ச்சல் வரும், உடம்பெல்லாம் வலிக்கும், அரையில் நெறி கட்டும். சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பி, உடைந்து புண்ணாகும். சிறுநீர் கழிக்கப் பயந்து சில பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டு வருவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். புண்ணின் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சிறுநீர் கழித்தால் எரிச்சல் நன்றாகக் குறையும்.

ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவு பாடு இருப்பதில்லை. சூட்டுக் கொப்புளம், ஷேவ் செய்த கீறல், உள்ளாடை உரசல் என்று நினைத்து, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு மறந்துவிடுவார்கள். அக்கி என்று எண்ணிக் காவி பூசிக்கொள்பவர்களும் உண்டு. அக்கி வேறொரு வைரஸால் வருவது, துணையோடு சேர்வதால் வருவதில்லை. இப்படித் தனக்கு இருப்பதே தெரியாதவர்கள்தான் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 84 கோடியே 60 லட்சம் பேருக்குப் பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் தொற்று இருக்கிறது. ஐந்து பேரில் ஒருவருக்கும் மேல்.

ஆகவே, ஒருவருக்கு இன்று முதல் கொப்புளம் வந்திருப்பதால் தொற்றும் இப்போதுதான் வந்தது என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்பே வந்து வருஷக்கணக்கில் அடங்கிக் கிடந்ததாக இருக்கலாம். துணைக்குத் தெரியாமல் துணையிடம் இருந்ததாகவும் இருக்கலாம். புண்ணைப் பார்த்து என்னால் தேதி சொல்ல முடியாது, எந்த டாக்டராலும் முடியாது.

சரி, ஒருவருக்கு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையைப் படிக்கப் பழகுங்கள். மறுபடி வரும்போது பலருக்குக் கொப்புளத்துக்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே, அந்த இடத்தில் குறுகுறுப்பு, எரிச்சல், தொடையிலோ பிட்டத்திலோ சுருக் சுருக்கென்று வலி வரும். அந்த நிமிஷத்திலிருந்து, பொருக்கு உதிர்ந்து புதுத் தோல் மூடும் வரை உறவு வேண்டாம். ஆணுறை போட்டாலும் வேண்டாம். உதட்டில் புண் இருந்தால் முத்தமும் வாய்வழி உறவும் கூடாது. கடமை, கோபித்துக்கொள்வார் என்றெல்லாம் யோசித்து ஒத்துக்கொள்ளாதீர்கள். "இன்னைக்கு வேண்டாங்க, எரியுது" என்று சொன்னால் போதும்.

அப்புறம், புண் இல்லாத நாள்களுக்கு ஆணுறை. ஆணுறை மூடாத இடத்திலும் வைரஸ் இருக்கும் என்பதால் அது முழுப் பாதுகாப்பு அல்ல. அதனால் என்ன பிரயோசனம் என்று தூக்கிப் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: ஆப்பிரிக்கத் தம்பதிகளிடம் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வொரு தடவையும் உள்ள ஆபத்தை ஆணுறை ஆணிடமிருந்து பெண்ணுக்கு 96 சதவீதமும், பெண்ணிடமிருந்து ஆணுக்கு 65 சதவீதமும் குறைத்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை போட்டிருக்க வேண்டும். நடுவில் போட்டுக்கொள்வதால் பலன் இல்லை.

மூன்றாவதாக, மாத்திரை. 2004-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகைத் தொற்று இருந்த 1484 ஜோடிகள் கலந்துகொண்டார்கள். தொற்று உள்ளவர்களில் பாதிப்பேர் வாலாசைக்ளோவிர் 500 மில்லிகிராம் மாத்திரையைத் தினம் ஒன்றாக 8 மாதம் சாப்பிட்டார்கள். மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைக் குழுவில் துணைகளில் 3.6 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. மருந்துக் குழுவில் 1.9 சதவீதம். புண்ணோடு நோயாக வந்தது 2.2-இலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்தது. எல்லா ஜோடிகளுக்கும் ஆணுறை கொடுத்து, பாதுகாப்பு முறைகளும் சொல்லித்தான் இந்த ஆய்வை நடத்தினார்கள். என் நோயாளிகளிடம் இந்த எண்களை அப்படியே சொல்வேன். ஒன்று, மருந்து ஆபத்தைப் பாதியாக்குகிறது. இன்னொன்று, மருந்தில்லாத குழுவிலேயே நூறு ஜோடிகளில் 96 ஜோடிகளுக்கு மேல் அந்த 8 மாதத்தில் தொற்றைக் கடத்தவில்லை. ஹெர்ப்பிஸ் வந்தால் தாம்பத்தியம் முடிந்தது என்று அழுகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு நீங்களாகச் சாப்பிட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, துணையிடம் சொல்வது. அதற்கும் பலன் இருக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. துணையிடமிருந்து ஹெர்ப்பிஸ் தொற்றியவர்களை விசாரித்த ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. துணை தனக்கு இருப்பதை முன்கூட்டியே சொல்லாதவர்களில் பாதிப்பேருக்கு 60 நாளுக்குள்ளேயே தொற்று வந்திருந்தது. துணை முன்பே சொல்லியிருந்தவர்களில் பாதிப்பேருக்குத் தொற்று வருவதற்கு 270 நாள் ஆனது. தெரிந்தவர்கள் ஜாக்கிரதையாக இருந்திருப்பார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். படுக்கையில் வைத்துச் சொல்லாதீர்கள், சண்டை நடுவிலும் வேண்டாம். பகலில், பேச நேரம் உள்ளபோது, "எனக்கு ஹெர்ப்பிஸ்னு ஒரு தொற்று இருக்கு. நிறையப் பேருக்கு இருக்கறதுதான். உனக்கு வராம இருக்க என்ன செய்யணும்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்திருக்கேன், சேர்ந்தே போய் ஒரு தடவை பேசலாம்" என்று நேரடியாகச் சொல்லுங்கள். கல்யாணம் நிச்சயமாகும் நிலையில் இருப்பவர்கள் அதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான் நியாயம். கேட்கிறவர் உடனே சரி என்பார் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. மறைத்து வைத்துப் பின்னால் தெரிய வரும்போது உடைவது இன்னும் பெரிதாக இருக்கும்.

ரத்தப் பரிசோதனை பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் இதனால் நிறைய வீடுகளில் வீண் கண்ணீர். கரு கலைந்த பெண்களுக்கு 'டார்ச்' என்ற பரிசோதனைத் தொகுப்பு எழுதுகிறார்கள். அதில் ஹெர்ப்பிஸ் ஐ.ஜி.எம்., அதாவது வைரஸை எதிர்த்து ரத்தத்தில் உண்டாகும் ஒருவகை எதிர்ப்பொருள், பாசிட்டிவ் என்று வந்துவிடும். உடனே மனைவி மேல் சந்தேகம், அல்லது கணவன் மேல். நேயர்களே, இந்த ஐ.ஜி.எம். சோதனையை நம்பி ஹெர்ப்பிஸ் இருக்கிறது என்று சொல்லக் கூடாது. அது புதுத் தொற்றா பழசா என்றும் காட்டாது, எந்த வகை என்றும் சரியாகப் பிரிக்காது. ஐ.ஜி.ஜி. என்ற இன்னொரு எதிர்ப்பொருளை வகை பிரித்துப் பார்க்கும் சோதனை இதைவிட மேல். ஆனாலும் அதில் எண் எல்லைக்கோட்டைச் சற்றே தாண்டியிருந்தால் பொய் பாசிட்டிவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தொற்று வந்து 12 வாரம் வரை அது காட்டாமலும் போகலாம். அறிகுறியே இல்லாதவர்கள் சும்மா சோதித்துக்கொள்வதை இதனால்தான் பரிந்துரைப்பதில்லை. புதுப் புண்ணிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைதான் நம்பகமானது.

கழிப்பறை இருக்கை, சோப்பு, நீச்சல்குளம், ஒரே தட்டில் சாப்பிடுவது, இவற்றால் பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் வராது. புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அது போதும்.

கர்ப்பிணிகளுக்கு மட்டும் தனியாக ஒன்று. பழைய ஹெர்ப்பிஸ் உள்ள தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றுவது அபூர்வம், நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கடைசி மூன்று மாதத்தில் தாய்க்குப் புதிதாக வந்தால் அந்த ஆபத்து 30 முதல் 50 சதவீதம் வரை போகும், குழந்தையின் உயிருக்கே கேடு வரலாம். அதனால் கணவருக்கு இருந்து மனைவிக்கு இல்லையென்றால், அந்த மூன்று மாதம் உறவைத் தவிர்த்துவிடுங்கள். கணவருக்கு உதட்டில் வருமானால் வாய்வழி உறவும் வேண்டாம். மனைவிக்கே பழைய தொற்று இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 36-ஆவது வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்பார்கள். வலி எடுக்கும் நேரத்தில் புண்ணோ, புண் வரப்போகும் எரிச்சல், குறுகுறுப்போ இருந்தால்தான் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

இரண்டாம் வகைத் தொற்று உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். எனவே புண்ணுக்கு வரும்போதே எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனைகளையும் செய்துகொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. ஆலோசகர் தனியாக உட்கார்ந்து பேசுவார். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத் திட்டத்தில் பால்வினை நோய்களுக்கு நிறம் பிரித்து மருந்துப் பொட்டலங்கள் உண்டு. ஹெர்ப்பிஸ் புண்ணுக்கானது சிவப்பு, உள்ளே இருப்பது அசைக்ளோவிர் மாத்திரை. காசு கிடையாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் முதலில் பேசுங்கள். போவதென்று முடிவு செய்துவிட்டால், கொப்புளம் கிளம்பிய ஒன்றிரண்டு நாளுக்குள் போங்கள். மருந்து சீக்கிரம் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். போகும்போது புண் மேல் களிம்பு எதுவும் பூசாமல் போங்கள், பொருக்குத் தட்டிவிட்டால் சோதனைக்கு மாதிரி எடுப்பது கஷ்டம். முடிந்தால் இருவருமே போங்கள்.

நன்றி, வணக்கம்.