பத்து மாதம் நிறையாத பிள்ளை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் நிலத்தை நம்பி ஊர் ஊராகக் குடிபெயர்ந்த ஓர் உழவரின் வாழ்க்கையை ஏடுகளின் வழியே எப்படி மீட்டெடுப்பது என்பதை, சார்லஸ் இங்கல்ஸ் என்ற ஒருவரை வைத்தே இன்று சொல்ல விரும்புகிறேன். அவருடைய மகள் லாரா பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்றதால் இந்தக் குடும்பத்தைப் பலரும் தேடித் துருவியிருக்கிறார்கள். அந்தப் புகழ் வாய்க்காத குடும்பங்களுக்கும் தேடும் வழி இதுவேதான்.

சார்லஸ் 1836-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர்; 1860-இல் விஸ்கான்சினில் கரோலின் குவைனரை மணந்தவர். அதன்பின் கான்சாஸ், மினசோட்டா, அயோவா, டகோட்டா என்று அவருடைய வண்டி நிற்காமல் ஓடியது. இப்படிப்பட்டவரைப் பிடிக்க முதல் துணை நிலக்கோப்புதான். குடியேறுவோருக்கு அரசு நிலம் வழங்கிய 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் கேட்டவர், அங்கேயே ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டதைச் சாட்சிகள் இருவரைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டும். வீடு எத்தகையது, எத்தனை ஏக்கர் உழுதார், குடும்பத்தில் யார் யார் என்பதெல்லாம் அந்த வாக்குமூலத்தில் வந்துவிடும். டகோட்டாவின் டி ஸ்மெட் ஊருக்கு அருகே 1880-இல் சார்லஸ் பதிந்த நிலம், 1886-இல் அவருக்கு உறுதியாயிற்று.

கான்சாஸில் இந்தத் துணை கிடைக்காது. 1869 முதல் 1871 வரை அவர்கள் குடியிருந்தது ஒசேஜ் பழங்குடியினரின் நிலம். ஆகவே சார்லஸ் பெயரில் பத்திரம் எதுவும் இல்லை. குடியேறியவரின் தடத்தைத் தேடும்போது, அந்த மண்ணை இழந்தவர்களின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும் என்று நான் கருதுகிறேன். இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து நாற்பது மைல் தொலைவில் தங்கள் வீடு இருந்ததாக லாரா எண்ணியிருந்தார். ஆனால் குடும்ப பைபிளில், மூன்றாம் மகள் கேரி 1870 ஆகஸ்ட் 3 அன்று கான்சாஸின் மாண்ட்காமெரி மாவட்டத்தில் பிறந்ததாக எழுதியிருந்தது. அந்த ஒரு வரியையும் அதே ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் சேர்த்துப் பார்த்தபோது, வீடு பதின்மூன்று மைல் தொலைவுக்குள் வந்து நின்றது. அங்கிருந்தபோது லாரா சின்னஞ்சிறு குழந்தை. அவருடைய நினைவைக் குறைகூற இடமில்லை.

இனி என் மனத்தை மிகவும் வருத்துகிற இடத்துக்கு வருகிறேன். 1880-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பை மட்டும் பார்ப்பவருக்கு, இந்தத் தம்பதியருக்கு நான்கு பெண்மக்கள் மட்டுமே என்று தோன்றும். உண்மையில் ஓர் ஆண்பிள்ளையும் பிறந்தான். சார்லஸ் பிரடெரிக் என்று தந்தையின் பெயரையே அவனுக்கு வைத்தார்கள். அவன் பிறந்தது 1875 நவம்பர் 1. மினசோட்டா மாநிலம் தனியாக எடுத்த கணக்கெடுப்போ அதே ஆண்டின் மே மாதத்துக்கு உரியது. வெட்டுக்கிளிகள் விளைச்சலைத் தின்று தீர்த்ததால் குடும்பம் அயோவாவுக்குப் புறப்பட்டது. போகும் வழியில், மினசோட்டாவின் சவுத் டிராய் அருகே உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, 1876 ஆகஸ்ட் 27 அன்று பிள்ளை இறந்துபோனான். 1870, 1875, 1880 ஆகிய மூன்று கணக்கெடுப்புகளுக்கும் இடையே வந்து, எதிலும் எண்ணப்படாமல் போனவன் அவன்.

1890-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீவிபத்துக்குப் பின் இல்லாமற்போனதால், 1880-க்கும் 1900-க்கும் இடையே பிறந்து மறைந்த குழந்தைகளின் நிலையும் இதுதான். ஆனால் 1900-ஆம் ஆண்டின் தாளில், தாய்மாருக்கென இரண்டு கேள்விகள் உண்டு: எத்தனை பிள்ளைகளைப் பெற்றீர்கள், அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? கரோலின் பெற்றவர்கள் ஐவர். அந்த ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் நால்வர். நீங்கள் தேடும் பெண்மணியின் பெயருக்கு நேரே அந்த இரண்டு எண்களும் வேறுபட்டிருந்தால், அங்கேயே நின்று, தேவாலயப் பதிவேட்டையும் சுற்றுவட்டாரக் கல்லறைப் பட்டியல்களையும் திறந்து பாருங்கள்.

பிரடெரிக்கின் கல்லறை இன்றுவரை கண்டறியப்படவில்லை.