டி.எம்.எஸ்: 1954க்கும் 1980க்கும் நடுவில்

நேயர்களுக்கு வணக்கம். டி.எம்.சௌந்தரராஜன் பாடியதில் பழையது நல்லதா, பிந்தியது நல்லதா என்று நம்ம இலங்கை மலைநாட்டில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் பழையதைத்தான் சொல்வார்கள். நான் அந்தப் பக்கம் முழுதாகச் சாய மாட்டேன்.

1954ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜிக்குப் பாடுகிறார். அதே வருஷம் ‘மலைக்கள்ள’னில் எம்.ஜி.ஆருக்குப் பாடுகிறார். தொண்டை ஒன்றுதான்; ஆனால் திரையைப் பார்க்காமலே இது யாருக்கான பாட்டு என்று சொல்லிவிடலாம். அடுத்த இருபது வருஷமும் இந்த வித்தைக்கு ஈடே இல்லை.

அப்புறம் பக்திப் பாட்டு. 1964இல் ‘அருணகிரிநாதர்’ படத்தில் அவரே நடித்துப் பாடிய ‘முத்தைத்தரு’வை இன்றைக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் கட்டிப் போடுகிறார்கள். மூச்சுவிட இடமே கொடுக்காத சந்தம் அது. அந்த மூச்சு பிற்காலத்தில் அவரிடம் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

1976இல் இளையராஜா வந்தார். அவருடைய முதல் படமான ‘அன்னக்கிளி’யில் டி.எம்.எஸ்ஸும் பாடியிருக்கிறார், பலருக்கு அது ஞாபகம் இருக்காது. மறு வருஷம் எம்.ஜி.ஆர் முதலமைச்சராகி சினிமாவை விட்டார். எஸ்.பி.பாலசுப்ரமணியம் ஏற்கெனவே வேரூன்றிவிட்டார்.

இந்த நிலையில்தான் 1980இல் ‘ஒரு தலை ராகம்’ வருகிறது. டி.ராஜேந்தர் எழுதிய ‘நான் ஒரு ராசியில்லா ராஜா’, ‘என் கதை முடியும் நேரமிது’ இரண்டையும் பாடியவர் டி.எம்.எஸ். கதாநாயகன் புதுமுகம், கல்லூரிப் பையன். பாடுகிறவருக்கோ ஏறக்குறைய 58 வயது. கணக்குப் பார்த்தால் ஒட்டவே கூடாது. ஆனால் ஒட்டிக்கொண்டது! காரணம் எனக்குப் படுவது இதுதான்: சிவாஜி மாதிரியோ எம்.ஜி.ஆர் மாதிரியோ குரலை மாற்ற வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. அவர் அவராகவே பாடினார். சரணத்தில் எகிறிப் போகாமல் கனத்து உட்காருகிறது குரல். தோற்றுப்போனவன் பாட்டுக்கு அந்தக் கனம்தானே வேண்டும்?

நம்ம ஆட்களுக்கு அந்தப் பாட்டு வெறும் காதல் தோல்வியாக மட்டும் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். நம்ம தோட்டத்து ஆட்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பச் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறிய காலம் அது. அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில், ஒரே லயத்தில் பாதிப் பேர் போக, பாதிப் பேர் இங்கே நின்றார்கள். அப்படி நின்றவர்களுக்கு ‘கதை முடியும் நேரமிது’ வேறு மாதிரித்தான் காதில் விழும்.

ராசியில்லை என்று பாடியதால்தான் அவருக்குச் சான்ஸ் போச்சு என்று ஒரு பேச்சு உண்டு. வேண்டாத பேச்சு. காற்று அதற்கு முன்னாலேயே திசை மாறிவிட்டது.

2010இல், 88 வயதில், செம்மொழி மாநாட்டுப் பாடலில் ரஹ்மான் இசைக்கு அவர் பாடிய குறள் அடியைப் பற்றியும் கேட்பீர்கள். குரல் தளர்ந்துதான் இருக்கிறது. மரியாதைக்காக அழைத்த இடம் அது. அதைப் பழைய பாட்டுகளோடு நிறுத்துப் பார்ப்பது நியாயமில்லை. ஆனாலும் ‘பிறப்பொக்கும்’ என்பதில் ஒரு எழுத்துகூட மழுங்கவில்லை.

இப்போது நிலையத்தார் ‘மலைக்கள்ளன்’ பாட்டையும் ‘ஒரு தலை ராகம்’ பாட்டையும் அடுத்தடுத்துப் போடப்போகிறார்கள். பல்லவியை விடுங்கள், உங்களுக்கே மனப்பாடம். சரணத்தில் அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். வணக்கம்.